தட்டுமுட்டு

ராத்திரி கரண்ட் போனால்
தகரக் கூரைமேல் கல் விழுகிறது
என்று எழுதிக்கொண்டேன்.
"யார் மேல சந்தேகம்?"
"தெவ்வா" என்றாள் சவுடம்மா.
தெய்வம் என்று எழுதிவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் சிவப்பு மையில் வட்டம் போட்டார்.
சாமி மேல மனு வாங்க
நமக்கு அதிகாரம் இல்ல, ரைட்டரம்மா.
ஸ்டேஷன் முழுக்கச் சிரித்தது.

தாதகாப்பட்டியில் அந்தத் தெருவுக்கு
வாசலில் தமிழ், அடுப்படியில் கன்னடம்.
இரண்டுக்கும் நடுவே எங்கோ கால் இடறி
தெய்வம்
தெவ்வாவாக விழுந்திருக்கிறது.
விழுந்ததற்கும் வேப்பிலை, எலுமிச்சை.
செலவு ஒன்றும் குறையவில்லை.

சரி, பேய் என்று திருத்தலாம்.
பே என்றால் அச்சம் என்கிறது அகராதி.
வாயைப் பிளந்து பேபே என்று நின்றவனைப் பார்த்து
பக்கத்து வீட்டுக்காரன் வைத்த பெயராக இருக்கும்.
அதில் பயந்தவன் இருக்கிறான்.
சத்தம் போட்டது இல்லை.

பிசாசு வடக்கிலிருந்து வந்தது, இறைச்சி கேட்கும்.
குறளிக்கு ஏவிவிட ஓர் ஆள் வேண்டும்.
கூளியும் அலகையும்
போர்க்களத்தில் கூழ் குடித்துவிட்டு
செய்யுளுக்குள்ளேயே தூங்கிப்போயின.
நடுராத்திரி தாதகாப்பட்டியில் கல்லெறிய
ஒன்றும் சரிப்படவில்லை.

புது எஸ்.ஐ. ஏற்காட்டுக் கான்வென்ட்டில் படித்தவர்.
அங்கே காப்பித் தோட்டத்து பங்களா ஒன்றில்
மேசை தானாக நகருமாம்.
ஜெர்மனிக்கார சிஸ்டர் அதற்குப் பெயர் சொல்லிக் கொடுத்தாராம்:
போல்ட்டர்கைஸ்ட்.
முன்பாதி தடதடவென உருட்டுவது,
பின்பாதி ஆவி.
"அவங்க ஊர்ல சத்தத்துக்குன்னே ஒரு பேய் இருக்கு மேடம்."

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்
உருட்டு, புரட்டு, இடி, தட்டு என்று
வாய்க்குள் போட்டு மென்றுகொண்டு வந்தேன்.
தட்டு. முட்டு.
தட்டுமுட்டு!
நம்மிடமும் இருந்திருக்கிறது,
சாமானுக்கு வைத்துவிட்டோம்.
வாடகை வீடு மாறும்போது வண்டியில் கடைசியாய் ஏறுமே,
மூடி தொலைந்த தூக்கு, காது போன சட்டி,
கால் ஆடும் முக்காலி.
வேகத்தடை வரும்வரை அவை பொருள்.
ஏறி இறங்கும்போதுதான்
பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

மறுநாள் விசாரணைக்குப் போனேன்.
எட்டு விசைத்தறி.
சவுடம்மாவின் உதடு அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை.
அந்த வீட்டில்
மாடு கத்தினாலும் கேட்காது, மனிதர் கத்தினாலும் கேட்காது.
யாராவது ஒரு சத்தம் போட வேண்டுமென்றால்
கரண்ட் போக வேண்டும்.

முறத்தில் சேர்த்து வைத்திருந்த கல்லைக் காட்டினாள்.
வெள்ளை வெளேரென்று. தொட்டால் விரலில் மாவு.
இந்தப் பக்கத்துக் கல் இல்லை,
சுண்ணாம்புக் கரட்டுக் கல்.

மூலையில் மகள் பனசங்கரி தார் சுற்றிக்கொண்டிருந்தாள்.
எந்த ஸ்கூல் என்று கத்திக் கேட்டேன்.
கருப்பூர்ப் பக்கம், மாமா வீட்டிலிருந்து போனேன், ஒம்போதாவது,
தீபாவளியோட நிறுத்திட்டாங்க
என்று அவளும் கத்தித்தான் சொன்னாள்.
பள்ளிக்கூடப் பை ஆணியில் தொங்கியது,
புத்தகம் இருக்கும் கனத்தில் இல்லை,
அதைவிடக் கூட.

நான் பையைப் பார்த்ததை அவள் பார்த்தாள்.
தார் நிற்காமல் சுற்றியது.

திரும்பி வந்து எழுதினேன்:
நேரில் விசாரித்ததில்
சந்தேகப்படும்படி அந்நியர் எவரும் இல்லை.
எதிர்மனுதாரர் பெயர் என்ற கட்டத்தில்
தட்டுமுட்டு என்று போட்டு
அடித்துவிட்டு, மறுபடி அதையே போட்டேன்.
அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.
என்ன பேச? எந்த இரைச்சலில்?

ஒரு கல்லை மட்டும் கொண்டுவந்திருக்கிறேன்.
ரெஜிஸ்டர் பறக்காமல் இருக்க மேசைமேல்.
ராத்திரி பாராவில் கரண்ட் போனது.
கையில் எடுத்துப் பார்த்தேன்,
எறிய அளவான கனம்.

ஸ்டேஷன் கூரையும்
தகரம்தான்.